நவாபு பட்ட கடன்

தாத்தாவின் பதினாறாம் நாள் காரியம் முடிந்து, இரண்டாவது பந்தி நடந்துகொண்டிருந்தபோது அவர் வந்தார். மன்னார்குடிப் பக்கம், எங்கள் ஊருக்கு அடுத்த ஊர்க்காரர். சாப்பிடக் கூப்பிட்டோம், உட்காரவில்லை. திண்ணையில் ஓரமாக இருந்து, சொந்தக்காரர்கள் எல்லோரும் கிளம்பும்வரை காத்திருந்தார். பிறகு பெரியப்பாவைத் தனியாகக் கூப்பிட்டு, சட்டைப் பையிலிருந்து நாலாக மடித்த ஒரு காகிதத்தை எடுத்து நீட்டினார். புரோநோட்டு.

"பெரியவர் இருக்கறப்ப கேக்க மனசு வரல தம்பி. இன்னைக்கும் இதப் பேசக் கூடாதுதான். ஆனா விஷயம் உங்களுக்குத் தெரியணுமில்ல?"

பெரியப்பா முன்பக்கத்தைப் படிக்கவில்லை. நேராகத் திருப்பிப் பின்பக்கத்தைப் பார்த்தார். புரோநோட்டுக்கு உயிர் மூன்று வருஷம்தான். அதற்குள் கடன்காரர் கொஞ்சமாவது பணம் கட்டி, பின்பக்கத்தில் வரவு எழுதிக் கையெழுத்துப் போட்டால் அந்தத் தேதியிலிருந்து இன்னும் மூன்று வருஷம் ஓடும். இந்த நோட்டின் பின்னால் ஒரே ஒரு வரவுதான் இருந்தது. அதற்கும் நாலு வருஷம் ஆகிவிட்டது. கீழே தாத்தாவின் கையெழுத்து மாதிரி ஒன்று. மாதிரி என்றுதான் சொல்ல முடியும். கடைசி அஞ்சாறு வருஷமாக அவருக்குக் கை நடுக்கம். அவர் போட்ட எந்தக் கையெழுத்தும் இன்னொன்றைப் போல இருக்காது.

"வாங்கினாரா இல்லையான்னு சொல்லவேண்டிய ஒரே ஆள் போய்ச் சேந்துட்டார்" என்றார் சித்தப்பா.

அந்த வாக்கியம் எனக்குள் ரொம்ப நாள் இருந்தது. கடன் என்பது இரண்டு பேருக்குத் தெரிந்த ஒரு விஷயம். ஒருவர் செத்துப்போனால் அந்த அறிவில் பாதி போய்விடுகிறது. மிஞ்சுவது ஒரு காகிதமும், அதை வைத்திருப்பவரின் வாயும்தான். இறந்தவர் விட்டுச்சென்ற சொத்தின்மேல் கடன் கொடுத்தவர்கள் எப்படி உரிமை கேட்பது என்று உலகம் முழுக்க எழுதப்பட்ட சட்டங்கள் எல்லாமே, போய்விட்ட அந்தப் பாதியை எதை வைத்து நிரப்புவது என்ற கேள்விக்கான பதில்கள்தான்.

அந்தக் கேள்வி நம் மண்ணில் ஒருமுறை மிகப் பெரிதாக எழுந்தது. செத்தவர் ஒரு நவாபு. கடன் கேட்டு நின்றவர்கள் வரிசை சென்னையிலிருந்து லண்டன்வரை நீண்டது. விசாரித்து முடிக்க 25 வருஷம் ஆயிற்று. அந்தக் கதையைத்தான் சொல்லப்போகிறேன். அதற்கு முன்னால் சட்டத்தைப் பற்றிக் கொஞ்சம்.

*

நம் ஊரில் இதற்கு மூன்று பதில்கள் அடுத்தடுத்து இருந்துவந்தன.

தர்மசாஸ்திரங்களின் பதில், கடன் ஆளோடு ஒட்டியது என்பது. அடைக்காமல் செத்தவன் கரையேற மாட்டான், ஆகவே பிள்ளை அடைக்க வேண்டும். அப்பன் கடனை மகன் வட்டியோடு கட்ட வேண்டும். பாட்டன் கடனைப் பேரன் முதல் மட்டும் கட்டினால் போதும். கொள்ளுப்பேரனுக்குக் கடமை இல்லை. ஆனால் அப்பன் குடித்து, சூதாடி, பெண் பின்னால் போய்ப் பட்ட கடனை மகன் தொட வேண்டாம். வெள்ளைக்காரன் கோர்ட்டுகள் இந்த விதியை எடுத்துச் சட்டமாக்கின. பிள்ளையின் புண்ணியக் கடமை என்பதே அதற்கு அவர்கள் வைத்த பெயர். திருநெல்வேலிச் சீமையின் சிவகிரி ஜமீன் வழக்கில் 1882-ல் லண்டன் பிரிவி கவுன்சில், அப்பனிடமிருந்து பிள்ளைக்கு வந்த பரம்பரைச் சொத்தும், கடன் ஒழுக்கக்கேட்டுக்காகப் பட்டதாக இல்லாதவரை, அப்பன் கடனுக்குப் பொறுப்பு என்று தீர்த்தது. இந்தக் கடமை 2005-ம் வருஷத்து இந்து வாரிசுரிமைத் திருத்தச் சட்டம் வரும்வரை உயிரோடு இருந்தது. அதற்குப் பின்னால் பட்ட கடனுக்கு, பிள்ளை என்ற ஒரே காரணத்தால் யாரையும் பிடிக்க முடியாது.

இஸ்லாமியச் சட்டத்தின் பதில், கடன் சொத்தோடு ஒட்டியது என்பது. இறந்தவர் விட்டதிலிருந்து முதலில் அடக்கச் செலவு, அடுத்தது கடன், அப்புறம் உயில், கடைசியில்தான் வாரிசுகளின் பங்கு. சொத்துக்கு மேல் கடன் இருந்தால் வாரிசு தன் கையிலிருந்து போட வேண்டும் என்று சட்டம் சொல்லவில்லை. ஆனாலும் ஜனாஸா தொழுகை நேரத்தில், "இவர் யாருக்காவது கடன் தரணும்னா எங்கள்ட்ட வந்து கேளுங்க, நாங்க பொறுப்பு" என்று மகனோ தம்பியோ எழுந்து சொல்வதை நம் ஊர்ப் பள்ளிவாசல்களில் பார்க்கலாம். உடம்பு மண்ணுக்குள் போகும் முன் கடன் பேசப்பட்டுவிட வேண்டும்.

மூன்றாவது, இங்கிலாந்து வழியாக வந்தது. அதற்கு ஆன்மாவைப் பற்றிக் கவலை இல்லை. சொத்தை நிர்வகிக்க ஒருவர், கடன்காரர்களுக்கு ஓர் அறிவிப்பு, ஒரு கெடு, ஆதாரம், பிறகு வரிசைப்படிப் பட்டுவாடா. 1925-ம் வருஷத்து இந்திய வாரிசுரிமைச் சட்டம் இந்த வரிசையைத் தெளிவாக எழுதிவைத்திருக்கிறது. உயில்வழி வரும் நிர்வாகியோ கோர்ட் நியமித்த நிர்வாகியோ முதலில் ஈமச் செலவையும் கடைசி நோயின் வைத்தியச் செலவையும் தர வேண்டும். அடுத்து நிர்வாகத்துக்கான கோர்ட் செலவு. அதற்கடுத்து, இறப்பதற்கு முந்தைய மூன்று மாதத்துக்குள் வேலை செய்த கூலியாள், கைவினைஞர், வீட்டு வேலைக்காரர் ஆகியோரின் கூலி. மற்ற கடன்காரர்கள் எல்லாம் அதற்குப் பின்னால்தான். கூலிக்காரரை லேவாதேவிக்காரருக்கு முன்னால் நிறுத்திய அந்த ஒரு வரியை ஞாபகத்தில் வைத்துக்கொள்ளுங்கள்.

*

முகம்மது அலி வாலாஜா ஆற்காட்டு நவாபு. பிரெஞ்சுக்காரர்கள் ஆதரித்த சந்தா சாகிபுக்கு எதிராக ஆங்கிலேயர்கள் தூக்கிவிட்ட ஆள். தூக்கிவிட்டதற்குக் கூலி உண்டு. கம்பெனி நடத்திய சண்டைகளின் செலவெல்லாம் நவாபு கணக்கில் எழுதப்பட்டது. ராஜ்ஜியம் அவருடையது, படை கம்பெனியுடையது, பில் அவருக்கு.

கம்பெனிக்குக் கட்டப் பணம் இல்லாதபோது நவாபு கடன் வாங்கினார். யாரிடம்? கம்பெனியின் உத்தியோகஸ்தர்களிடம். கவுன்சில் மெம்பர்கள், ராணுவ அதிகாரிகள், எழுத்தர்கள், அவர்களுக்குப் பின்னால் அவர்களுடைய துபாஷிகள், சவுக்கார்கள். காலையில் கம்பெனி சார்பில் நவாபிடம் பாக்கியைக் கேட்பவரே சாயங்காலம் சொந்தப் பணத்தை வட்டிக்குக் கொடுக்கலாம். வட்டி ஆரம்பத்தில் நூற்றுக்கு 30-ஐத் தாண்டியது, பிறகு படிப்படியாகக் குறைந்தது. ஈடாக நவாபு கொடுத்தது தன்கா. இன்ன சீமையின் வரி வசூல் இன்னாருக்கு என்று எழுதிக்கொடுக்கும் சீட்டு. அதைக் கையில் வைத்திருப்பவர் தன் ஆளை அனுப்பி, களத்துமேட்டிலேயே நெல்லைப் பிடித்துக்கொள்வார்.

இதில் இன்னொரு சூட்சுமமும் இருந்தது. கம்பெனி ஆட்கள் சுதேச ராஜாக்களிடம் அன்பளிப்பு வாங்கக் கூடாது என்று 1760-களில் லண்டனிலிருந்து தடை வந்தது. அன்பளிப்புக்குத்தான் தடை, கடனுக்கு இல்லை. ஒருவருடைய தயவு வேண்டுமென்றால் அவர் பெயரில் ஒரு பத்திரம் எழுதிக்கொடுத்தால் போதும். ஒரு காசுகூடக் கைமாறியிருக்க வேண்டியதில்லை. லஞ்சம் கடன் வேஷம் போட்டுக்கொண்டது. அந்தப் பத்திரத்தை வெளியே காட்டலாம், விற்கலாம், கவுன்சிலில் வைத்து வசூலித்துத் தரச் சொல்லிக் கேட்கலாம்.

நவாபுக்கும் இது தோதாகத்தான் இருந்தது. கொடுப்பதாகச் சொல்வதற்குச் செலவு கிடையாது. அவருக்குக் கடன் கொடுத்தவர்கள் சென்னைக் கவுன்சிலில் எத்தனை பேர் இருக்கிறார்களோ அத்தனை பேருக்கு அவர் நாற்காலியில் நீடிப்பதில் அக்கறை இருக்கும். ஆற்காட்டைவிட்டு வந்து, கோட்டைக்குக் கூப்பிடு தூரத்தில் சேப்பாக்கத்தில் அரண்மனை கட்டிக்கொண்டு உட்கார்ந்ததிலும் அந்தக் கணக்கு இருந்திருக்கும். அந்த அரண்மனையைக் கட்டியவராகச் சொல்லப்படுபவர் பால் பென்ஃபீல்டு.

*

பென்ஃபீல்டு கம்பெனிக்குக் கட்டட வேலை பார்க்க வந்தவர். சம்பளம் வருஷத்துக்குச் சில நூறு பவுண்டு. 1776-ல் இவர் கவுன்சிலில் ஒரு மனு வைத்தார். தஞ்சாவூர் வரியின் பேரில் நவாபு தனக்கு எழுதிக்கொடுத்த வகையிலும், அந்தச் சீமைக் குடிகளுக்குத் தான் விளைச்சலின் பேரில் கொடுத்த வகையிலும் மொத்தம் சுமார் 2,30,000 பவுண்டு தனக்கு வர வேண்டும் என்றார்.

ஏன் அந்த வருஷம்? 1773-ல் கம்பெனிப் படையின் உதவியோடு நவாபு தஞ்சாவூரைப் பிடித்தார். ராஜா துளஜா சிறையில். மூன்று வருஷம் தஞ்சை மண்ணின் நெல் நவாபுக்கு, அதாவது நவாபின் கடன்காரர்களுக்குப் போயிற்று. இது தவறு, தஞ்சையை ராஜாவிடமே திருப்பிக் கொடு என்று லண்டன் இயக்குநர்கள் உத்தரவு போட்டு, பிகட் பிரபுவை கவர்னராக அனுப்பினார்கள். அவர் 1776 ஏப்ரலில் நேராகத் தஞ்சைக்குப் போய் ராஜாவை உட்காரவைத்தார். வயலில் நிற்கும் பயிர் இனி யாருடையது? அந்தக் கேள்விதான் பென்ஃபீல்டின் மனு.

கவுன்சில் முதலில், ஆதாரம் போதாது என்று சொன்னது. சில நாளில் பெரும்பான்மை மாறியது. மறுபடி எடுத்துப் பேசி, அவர் கேட்டது நியாயம்தான் என்று தீர்மானம் போட்டார்கள். தீர்மானம் போட்டவர்களில் நவாபின் கடன்காரர்களும் இருந்தார்கள். பிகட் ஒத்துக்கொள்ளவில்லை. எதிரணி மெம்பர்களை அவர் சஸ்பெண்ட் செய்ய, அவர்கள் 1776 ஆகஸ்ட் 24 அன்று கவர்னரையே வழிமறித்துக் கைது செய்தார்கள். அடுத்த மே மாதம் காவலிலேயே அவர் செத்துப்போனார். நாலு பேர்மீது லண்டனில் வழக்கு நடந்தது. தண்டனை ஆளுக்கு ஆயிரம் பவுண்டு அபராதம்.

1777-ல் இன்னொன்று. நவாபின் குதிரைப்படையைக் கலைக்க வேண்டும், வீரர்களுக்கோ சம்பளப் பாக்கி. பாக்கியைத் தீர்க்கக் கம்பெனி உத்தியோகஸ்தர்கள் மூன்று பேர் 1,60,000 பவுண்டு கடன் தருகிறோம் என்று முன்வந்தார்கள். ஈடாகச் சீமைகளின் வரி உடனே அவர்கள் கைக்கு வந்தது. வீரர்களின் சம்பளம் உடனே வரவில்லை. வரியை வசூலித்து அதிலிருந்தே பாக்கியைக் கொடுப்பது, அதற்குள் வட்டியும் ஓடுவது என்ற ஏற்பாடு. பொறுக்க முடியாத குதிரைப்படை கலகம் செய்தது. கடன் கொடுத்தவர் கொடுக்கவேயில்லை, வாங்கியவர் வாங்கவேயில்லை. ஆனால் கடன் இருந்தது.

அதே வருஷம் பழைய பாக்கிகள் எல்லாம் சேர்த்து இன்னொரு பெரிய தொகை ஒன்றாகத் திரட்டப்பட்டது. ஆக, மூன்று கடன்கள்: 1767-ன் கடன், குதிரைப்படைக் கடன், 1777-ன் திரட்டிய கடன். 1780-ல் ஹைதர் அலி மலையிறங்கி வந்து சென்னையின் வாசல்வரை எரித்தார். ஊர்கள் காலியாயின. வட்டி மட்டும் நிற்கவில்லை.

*

1784-ல் பிட்டின் இந்தியச் சட்டம் வந்தது. நவாபின் கடன்களை விசாரித்து உண்மை எது என்று கண்டறிய வேண்டும் என்று அதிலேயே எழுதியிருந்தது. இயக்குநர்கள் விசாரணைக்கு உத்தரவு தயாரித்தார்கள். புதிதாக வந்த கட்டுப்பாட்டு வாரியம், அதாவது ஹென்றி டண்டாஸ், அந்தக் கடிதத்தை அடித்துவிட்டு வேறு கடிதம் எழுதினார். மூன்று கடன்களும் ஏற்றுக்கொள்ளப்பட்டன. வருஷத்துக்கு 12 லட்சம் வராகன், அதாவது 4,80,000 பவுண்டு, நவாபின் வருமானத்திலிருந்து கடனுக்கு ஒதுக்கப்பட்டது.

1785 பிப்ரவரி 28 அன்று எட்மண்ட் பர்க் பாராளுமன்றத்தில் எழுந்து இதைப் பற்றிப் பேசினார். பென்ஃபீல்டின் பணத்தால் ஜெயித்து வந்த மெம்பர்கள் அதே சபையில் உட்கார்ந்திருக்கிறார்கள், அவர்கள் ஓட்டுக்காகத்தான் இந்த ஏற்பாடு என்று முகத்துக்கு நேராகச் சொன்னார். தீர்மானம் தோற்றுப்போனது. அந்தப் பேச்சு ஆங்கிலப் பாடப்புத்தகங்களுக்குப் போயிற்று. பணம் கடன்காரர்களுக்குப் போயிற்று.

இங்கே கவனிக்க வேண்டியது ஒன்று. விசாரணை தேவையில்லை என்றவர்களின் வாதத்தில் மேலோட்டமாக ஒரு நியாயம் இருந்தது. கடன் வாங்கியவர் உயிரோடு இருக்கிறார், வாங்கினேன் என்கிறார், கொடுத்தவர் கொடுத்தேன் என்கிறார், இடையில் நாம் யார்? இரண்டு பேருக்குத் தெரிந்த விஷயத்தை இரண்டு பேரும் ஒத்துக்கொண்டால் மூன்றாவது ஆளுக்கு வேலை இல்லை. ஆனால் இந்தக் கடனில் மூன்றாவது ஆள் இருந்தார். திருநெல்வேலியிலும் நெல்லூரிலும் ஏர் ஓட்டிக்கொண்டிருந்தார். வாங்கியவரும் தராமல், கொடுத்தவரும் விடாமல், இடையில் கட்டியது அவர்தான். அவரிடம் யாரும் ஒரு வாக்குமூலம் வாங்கவில்லை.

*

வாலாஜா 1795 அக்டோபர் 13 அன்று செத்தார். மகன் உம்தத்துல் உமரா பட்டத்துக்கு வந்தார், அவரும் கடன் வாங்கினார். 1799-ல் ஸ்ரீரங்கப்பட்டணம் விழுந்தபோது திப்புவின் காகிதங்களில் நவாபு குடும்பத்தின் கடிதங்கள் கிடைத்தன, இது துரோகம் என்று கம்பெனி சொன்னது. உம்தத்துல் உமரா 1801 ஜூலை 15 அன்று இறந்தார். அவருடைய மகன் ராஜ்ஜியத்தைக் கொடுக்க மறுத்தார். கொடுக்கச் சம்மதித்த இன்னொரு பேரன், அஜீமுத்தௌலா, ஜூலை 31 அன்று கையெழுத்துப் போட்டு நவாபு ஆனார். வருமானத்தில் ஐந்தில் ஒரு பங்கு அவருக்கு. நாடு கம்பெனிக்கு.

சாவுக்கும் கையெழுத்துக்கும் இடையில் பதினாறே நாள். எங்கள் வீட்டுக் காரியக் கணக்குதான்.

இப்போது கடன்காரர்கள் எங்கே போவது? பரம்பரைச் சொத்து வாரிசுகளிடம் இல்லை. சொத்தை எடுத்தவர் கடனையும் எடுக்க வேண்டும் என்பது மேலே சொன்ன மூன்று சட்டங்களுக்கும் பொது. நாலு வருஷம் பேசிய பிறகு, 1805 ஜூலை 10 அன்று கம்பெனிக்கும் கடன்காரர்களுக்கும் ஓர் ஒப்பந்தம் ஆயிற்று. வாலாஜா, அவருக்கு முன்பே 1788-ல் இறந்துபோன அவர் மகன் அமீருல் உமரா, பிறகு உம்தத்துல் உமரா ஆகிய மூன்று இறந்தவர்களின் கடன்களையும் கமிஷனர்கள் விசாரிப்பார்கள், அவர்கள் சரி என்று சொல்வதை மட்டும் கர்நாடகச் சீமையின் வருமானத்திலிருந்து கம்பெனி கட்டும். 1784-ல் ஏற்றுக்கொண்ட பழைய கடன்கள் அதற்குள் ஏறத்தாழ அடைபட்டிருந்தன. இது மிச்சக் கணக்கு.

லண்டனில் கமிஷனர்கள். சென்னையில் இன்னொரு குழு. உள்ளூர் ஆசாமிகள் எல்லோருக்கும் ஏதோ ஒரு பத்திரத்தில் பங்கு இருக்கும் என்பதால் சென்னைக் குழுவுக்கு வங்காளத்திலிருந்து அதிகாரிகளை வரவழைத்தார்கள். சத்தியப் பிரமாணத்தின் பேரில் விசாரிக்க 1806-ல் பாராளுமன்றம் தனிச் சட்டம் செய்து அதிகாரம் கொடுத்தது.

இனி கடன் கேட்பவர் ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டு, தன் உரிமையைப் பதிவு செய்ய வேண்டும். மூலப் பத்திரத்தைக் கொண்டுவர வேண்டும், நகல் போதாது. கமிஷன் கேட்கும் கேள்விகள் நம் பெரியப்பாக்கள் கேட்கும் கேள்விகள்தான். பணம் நிஜமாகவே கைமாறியதா? எந்த நாணயத்தில்? கூட யார் இருந்தார்? முத்திரை நவாபுடையதுதானா? அரண்மனைக் கணக்கில் இந்தத் தொகை வரவாக எழுதப்பட்டிருக்கிறதா? அசல் எவ்வளவு, வட்டிமேல் வட்டி போட்டு ஊதியது எவ்வளவு? பழைய கடனில் ஏற்கெனவே வசூலித்ததையே மறுபடி கேட்கிறீர்களா? பத்திரங்களை முதலில் வாங்கியவர்கள் பலர் விற்றுவிட்டிருந்தார்கள் அல்லது செத்துவிட்டிருந்தார்கள். கடன் வாங்கியவரும் இல்லை, கொடுத்தவரும் இல்லை, பாரசீகத்தில் எழுதிய காகிதம் மட்டும் மேஜைமேல். கண்ட முடிவுகள் லண்டன் கெஜட்டில் அறிவிப்பாக வரும். வருஷாவருஷம் பாராளுமன்றத்துக்கு அறிக்கை போகும்.

காகிதத்தைப் படிக்க ஆள் வேண்டுமே. நவாபின் கணக்கில் வேலை பார்த்த ரெட்டி ராவ் என்பவரைச் சென்னைக் கமிஷனர்கள் உதவிக்கு வைத்துக்கொண்டார்கள். எது அசல் எது போலி என்று அவருக்குத்தான் தெரியும். ஐரோப்பியக் கடன்காரர்களில் ஒரு கூட்டம், இவரே போலிப் பத்திரம் செய்தவர் என்று கிளப்பியது. விஷயம் சென்னை சுப்ரீம் கோர்ட்டுக்குப் போயிற்று. ஜூரிகள் ரெட்டி ராவுக்கு எதிராகத் தீர்ப்புச் சொன்னார்கள். கவர்னர் ஜார்ஜ் பார்லோவின் அரசாங்கம், இது கமிஷனைக் கெடுக்கக் கடன்காரர்கள் செய்யும் சதி என்று நம்பி ரெட்டி ராவின் பக்கம் நின்றது. நகரமே இரண்டாகப் பிரிந்தது. கடைசியில் பத்திரம் போலி என்பதே உறுதியாயிற்று. ரெட்டி ராவ் விஷம் குடித்துச் செத்தார்.

அரசாங்கம் ஏமாந்ததை நினைத்துச் சிரிக்கலாம். எனக்குச் சிரிப்பு வரவில்லை. கடன் வாங்கியவன் செத்த பிறகு, அவன் கணக்குப்பிள்ளைதான் அவன் ஞாபகம். அந்த ஞாபகத்தையும் விலைக்கு வாங்க முடியும் என்றால் உண்மை எங்கே போய் நிற்கும்?

ஆனாலும் கமிஷன் விடவில்லை. ஒவ்வொரு காகிதமாக, 1830 வரை உட்கார்ந்து பார்த்தது. மொத்தம் கேட்கப்பட்ட தொகை 3 கோடி பவுண்டுக்கு மேல். சரி என்று ஒப்புக்கொண்டது சுமார் 27 லட்சம் பவுண்டு. பதினொன்றில் ஒரு பங்குகூட முழுசாக இல்லை.

இந்த இரண்டு கணக்கையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். நவாபு உயிரோடு இருந்தபோது கேட்டவர்களுக்கு விசாரணையே இல்லாமல் கிடைத்தது. செத்த பிறகு கேட்டவர்களை விசாரித்தபோது பத்துப் பங்குக்கு மேல் உதிர்ந்தது. செத்தவன் சாட்சி சொல்ல முடியாது என்பதுதான் கடன் வழக்குகளின் பெரிய சங்கடம் என்று நாம் நினைக்கிறோம். இந்த வழக்கில் உயிரோடு இருந்த நவாபுதான் பொய்ச் சாட்சி. அவர் வாய் அடைபட்ட பிறகுதான் காகிதங்களை யாராவது ஒழுங்காகப் படிக்க முடிந்தது. முதல் தடவையும் இதே மாதிரி படித்திருந்தால் எவ்வளவு உதிர்ந்திருக்கும் என்பதற்கு இனி கணக்கு இல்லை. அந்தப் பணத்தை வாங்கியவர்கள் இங்கிலாந்தில் நிலமும் பாராளுமன்ற இடங்களும் வாங்கி முடித்துவிட்டார்கள். பென்ஃபீல்டும் வாங்கினார், பிறகு எல்லாவற்றையும் தொலைத்து, 1810-ல் பாரிசில் வறுமையில் செத்தார். அதை நியாயம் என்று எடுத்துக்கொள்பவர்கள் எடுத்துக்கொள்ளலாம். தஞ்சாவூர்க் களத்திலிருந்து போன நெல் திரும்பவில்லை.

*

ஆற்காட்டு நவாபுகளின் வரிசையில் கடைசியானவர் குலாம் கவுஸ் கான். 1855-ல் ஆண் வாரிசு இல்லாமல் இறந்தார். பட்டம் முடிந்தது என்று அறிவித்தார்கள். மறுபடியும் செத்த நவாபு, மறுபடியும் வாசலில் கடன்காரர்கள். இந்தத் தடவை வேலை சுருக்கமாக முடிந்தது. சொத்தை நிர்வகித்துக் கடனை அடைக்க 1858-ல் ஒரு சட்டம் போட்டார்கள். சேப்பாக்கம் அரண்மனை ஏலத்துக்கு வந்தது. சென்னை அரசாங்கமே அதை எடுத்துக்கொண்டது.

அப்புறம் அது வருவாய் வாரியம், பொதுப்பணித் துறை என்று ஆபீசுகளாயிற்று. 2012 ஜனவரியில் அதில் கலஸ் மகால் தீப்பிடித்து எரிந்ததைத் தொலைக்காட்சியில் பார்த்திருப்பீர்கள். பிறகு செப்பனிட்டார்கள். மெரினாவில் நடக்கும்போது அந்தச் சிவப்பு வளைவுகளைப் பார்த்தால் எனக்குக் கட்டடக் கலை ஞாபகத்துக்கு வருவதில்லை. கடனில் கட்டி, கடனால் ஆண்டு, கடனுக்காக விற்ற வீடு என்றுதான் தோன்றும்.

*

எங்கள் வீட்டுப் புரோநோட்டு என்ன ஆயிற்று என்று சொல்லவில்லையே. சட்டப்படி அது காலாவதி. கோர்ட்டுக்குப் போனால் நிற்காது என்று வந்தவருக்கும் தெரியும், பெரியப்பாவுக்கும் தெரியும். ரெண்டு நாள் யோசித்தார்கள். கடைசியில் உள்ளேயிருந்து பாட்டிதான் சொன்னாள். "குடுத்து அனுப்புங்க. அவர் பேரைச் சொல்லிக்கிட்டு ஒருத்தன் வாசல்ல நிக்கப்படாது." முதலைக் கொடுத்தார்கள். வட்டி வேண்டாம் என்று அவரும் சொல்லிவிட்டார். நோட்டை வாங்கிப் பெரியப்பா அங்கேயே கிழித்துப் போட்டார். கையெழுத்து தாத்தாவுடையதுதானா என்று இன்றுவரை எங்களுக்குத் தெரியாது.

இதை ரொம்ப வருஷம் எங்கள் வீட்டுப் பெருமையாகச் சொல்லிக்கொண்டிருந்தோம். அப்புறம் ஒருநாள், எங்கள் வயலில் வேலை பார்த்த ஒரு அம்மா, வயதாகித் தடியூன்றி வந்து, எங்கள் அம்மாவோடு கொல்லைப்புறம் பேசிக்கொண்டிருந்தார். பேச்சுவாக்கில் சொன்னார். தாத்தா செத்த வருஷம் குறுவை அறுப்புக்கு அவருக்கு நாலு மரக்கால் நெல் கூலி பாக்கியாம்.

"ஏன் கேக்கல?" என்றாள் அம்மா.

"அய்யா தரேன்னுதான் சொன்னாங்க. அதுக்குள்ள போயிட்டாங்க. காரியத்தன்னைக்கு வந்தேன். பெரிய பெரிய ஆளெல்லாம் நின்னாங்க. எங்கிட்ட என்ன சீட்டா இருக்கு?"

சட்டத்தில் அவர் முதல் வரிசை. கடன் கேட்டு வந்தவருக்கும் முன்னால் நின்றிருக்க வேண்டியவர். எங்கள் திண்ணையில் அந்த வரிசை இல்லை. நவாபின் குதிரைக்காரனும் தஞ்சாவூர்க் குடியானவனும் நின்ற இடத்தில்தான் அவரும் நின்றிருக்கிறார், காகிதம் இல்லாதவர்களின் இடத்தில்.

அம்மா அன்றைக்கு மரக்கால் எல்லாம் தேடவில்லை. குதிரில் இருந்ததை ஒரு சாக்கில் கட்டி, ஆள் வைத்து அவர் வீட்டில் இறக்கிவிட்டு வரச் சொன்னாள். அந்த அம்மா வேண்டாம் என்று ரொம்ப நேரம் சொல்லிக்கொண்டிருந்தார்.